கடலோரக் கட்டடத்தின் தூண்களுக்குக் கார்பன் துணி சுற்றலாமா?

கேள்வி இதுதான். காசிமேட்டுக்குப் பக்கத்தில், கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில், 1990களின் கடைசியில் கட்டிய அடுக்குமாடி. கீழே வண்டி நிறுத்தும் ஸ்டில்ட், மேலே மூன்று மாடி. தூண்கள் பெரும்பாலும் 9 இன்ச்சுக்கு 18 இன்ச். ஸ்டில்ட் தூண்கள் சிலவற்றில் நெடுக்காக விரிசல். சம்ப் பக்கத்துத் தூணில் பூச்சு உதிர்ந்து கம்பி தெரிகிறது. பார்க்க வந்த ஒப்பந்தக்காரர், "எல்லாப் பில்லருக்கும் கார்பன் ஃபைபர் ரெண்டு லேயர் சுத்திடலாம் சார், பழசைவிட டபுள் ஸ்ட்ராங், மேலே ஒரு மாடியும் போட்டுக்கலாம்" என்கிறாராம். செய்யலாமா?

கார்பன் இழையால் நெய்த இந்தத் துணி நல்ல பொருள்தான். ஆனால் நீங்கள் சொல்லும் தூணுக்கு முதலில் செய்ய வேண்டியது அது இல்லை. இரண்டு மடங்கு பலம் என்பது அந்த வடிவத் தூணுக்குக் கணக்கில் நிற்காது. மேல் மாடிப் பேச்சை இப்போதைக்கு எடுக்கவே வேண்டாம். ஏன் என்று சொல்கிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும்.

கான்கிரீட்டை மேலிருந்து அழுத்தினால் அது பக்கவாட்டில் உப்பப் பார்க்கும். அந்த உப்பல் அளவு மீறும்போது உள்ளே நெடுக்கு விரிசல்கள் ஓடி, கடைசியில் தூண் நொறுங்குகிறது. உப்பாமல் சுற்றிப் பிடித்துக்கொண்டால் அதே கான்கிரீட் இன்னும் அதிகச் சுமை தாங்கும். உலக்கை நுனிக்குப் பூண் போடுவது இதே காரணத்துக்காகத்தான். இலினாய் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட்டும் அவருடைய குழுவும் 1928இலேயே இதை அளந்து காட்டிவிட்டார்கள்: பக்கவாட்டில் 1 மெகாபாஸ்கல் (சதுர செ.மீ.க்குச் சுமார் 10 கிலோ) அழுத்திப் பிடித்தால் கான்கிரீட்டின் தாங்கும் திறன் சுமார் 4.1 மெகாபாஸ்கல் கூடுகிறது. தூணுக்குள் நெடுக்குக் கம்பிகளைச் சுற்றிக் கட்டியிருக்கும் ரிங் கம்பிகள் ஓரளவு செய்யும் வேலையும் இதுவே. துணி அதையே வெளியிலிருந்து செய்கிறது. இழைகள் தூணைச் சுற்றிக் கிடைமட்டமாக ஓட வேண்டும். எபாக்ஸி என்ற பிசின் அவற்றை ஒன்றாகப் பிடித்துத் தூணோடு ஒட்டிவைக்கிறது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். துணி தானாகப் போய்த் தூணை இறுக்காது. தூண் இன்னும் கொஞ்சம் உப்பினால்தான் துணியில் இழுவிசை ஏறும். இப்போது தூண்மேல் இருக்கும் சுமையில் ஒரு கிலோவைக்கூட அது வாங்கிக்கொள்ளாது. நாளைக்கு வரும் கூடுதல் சுமைக்கோ அதிர்வுக்கோதான் அது காவல்.

அடுத்தது வடிவம். விற்பனைப் பேச்சில் வசதியாக விட்டுவிடும் இடம் இது. வட்டத் தூணில் துணி எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி பிடிக்கும். சதுரத்திலும் செவ்வகத்திலும் மூலைகளில் மட்டும்தான் பிடிப்பு. நடுவில் தட்டையான பக்கத்தில் துணி சும்மா வெளியே வளையும். வெறும் பேச்சாக இருக்க வேண்டாம் என்று அமெரிக்கக் கான்கிரீட் நிறுவனத்தின் (ஏசிஐ) 440.2ஆர் வழிகாட்டியின் சூத்திரத்தில் மூன்று தூண்களைப் போட்டுப் பார்த்தேன். மூன்றுக்கும் ஒரே துணி: 0.167 மி.மீ. தடிமனுள்ள கார்பன், இரண்டு அடுக்கு, மூலைகளை 25 மி.மீ. ஆரத்துக்கு உருட்டியதாகக் கணக்கு. 300 மி.மீ. வட்டத் தூணில் கான்கிரீட்டின் பலம் ஏறத்தாழ 11 மெகாபாஸ்கல் கூடுகிறது. 300 மி.மீ. சதுரத் தூணில் சுமார் 4. உங்கள் 230க்கு 450 மி.மீ. (9க்கு 18 இன்ச்) தூணில் 1 மெகாபாஸ்கல்கூட முழுதாக வரவில்லை! அந்தக் காலத்து எம்15, எம்20 கான்கிரீட்டில் (15, 20 மெகாபாஸ்கல் பலமுள்ளது) அது எந்த மூலைக்கு? அந்த வழிகாட்டியே, நீளம் அகலத்தைப் போல இரண்டு மடங்குக்கு மேல் போனால் சுமை தாங்கும் திறன் கூடும் என்று கணக்கில் எடுக்காதே என்கிறது. உங்கள் தூண் அந்த எல்லையில் போய் நிற்கிறது.

சென்னையில் இந்த 9 இன்ச் தூண் எங்கே பார்த்தாலும் இருப்பதற்குக் காரணம் எல்லோருக்கும் தெரியும். தூண் சுவருக்குள் மறைய வேண்டும், ஹாலில் மூலை துருத்தக் கூடாது. வீட்டுக்காரருக்கு அழகு, துணி சுற்ற வருபவருக்குத் தலைவலி. மேல் மாடிகளில் சுவர் தூணோடு சேர்ந்தே இருப்பதால் முழுச் சுற்று சுற்றவும் முடியாது. சுற்று மூடாவிட்டால் பூண் என்ற பேச்சே இல்லை. ஸ்டில்டில் தூண்கள் தனியாக நிற்பதால் அங்கே மட்டும் ஒழுங்காகச் சுற்றலாம்.

அப்படியானால் செவ்வகத் தூணுக்குத் துணி வீணா என்றால், இல்லை. அதற்கு வேறு பயன் இருக்கிறது. அதைச் சொல்வதற்குமுன் உங்கள் தூணுக்கு என்ன நோய் என்று பார்த்துவிடலாம்.

ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கடலோரக் கட்டடங்களில் நான் பார்க்கும் தூண் விரிசல்களில் பெரும்பாலானவை சுமையால் வந்தவை இல்லை. உப்பால் வந்தவை. கடல் காற்று ஒரு பக்கம். இன்னொரு பக்கம், அந்தக் காலத்தில் போர் தண்ணீரிலேயே கலவை போட்டு, அதையே ஊற்றிக் க்யூரிங்கும் செய்தார்கள். கம்பி போட்ட கான்கிரீட்டுக்குக் கலக்கும் தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்கிறது கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 456. கடலோரத்து போர் தண்ணீரை வாயில் வைத்தாலே அது எவ்வளவு தாண்டும் என்று தெரிந்துவிடும். குளோரைடு கம்பிவரை போய்ச் சேர்ந்தால், கம்பியைக் காக்கும் மெல்லிய படலம் உடைந்து துரு பிடிக்கிறது. துரு, அது தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். இடம் இல்லாததால் மேலே இருக்கும் கான்கிரீட்டைப் பிளந்துகொண்டு வருகிறது. மெயின் கம்பி போகும் வழியே மூலையை ஒட்டி நெடுக்காக ஓடும் விரிசல் இதன் கையெழுத்து. சில தூண்களில் ஒரே இடைவெளியில் படுக்கை வாட்டில் கோடு கோடாக விரிசல் தெரியும். அது ரிங் கம்பிகள் துருப்பிடிப்பது. ரிங் வெளியே இருப்பதால் உப்பு முதலில் அதைத்தான் பிடிக்கும். தூண் முகத்தில் சாய்வாக விரிசல் இருந்தால் கதை வேறு. அன்றைக்கே முட்டுக் கொடுத்துவிட்டுப் பொறியாளரைக் கூப்பிடுங்கள்.

துரு எவ்வளவு தின்கிறது என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. 16 மி.மீ. கம்பியில் விட்டம் 2 மி.மீ. குறைந்தால் குறுக்குப் பரப்பில் போவது 23 சதவீதம். அதே 2 மி.மீ. ஒரு 6 மி.மீ. ரிங்கில் போனால் 55 சதவீதத்துக்கு மேல் காலி. மெயின் கம்பி இன்னும் தேவலாம் என்று நிற்கும்போதே ரிங் நூலாகிவிடும். ரிங் போனால் தூணின் வெட்டுவிசைத் திறன் (பக்கவாட்டுத் தள்ளலைத் தாங்கும் திறன்) போகிறது. மெயின் கம்பிகள் வெளியே வளைந்து தெறிக்காமல் பிடித்துக்கொள்ளவும் ஆள் இல்லை. துணியின் உண்மையான பயன் இந்த இடத்தில்தான். செவ்வகத் தூணிலும் அது ரிங்கின் வேலையை எடுத்துக்கொள்ளும். நேர்ச் சுமைத் திறனைப் பெரிதாக ஏற்றாவிட்டாலும், நிலநடுக்கத்தில் தூண் பட்டென்று முறியாமல் ஆடித் தாங்க உதவும். கலிஃபோர்னியாவிலும் ஜப்பானிலும் 1990களில் பாலத் தூண்களுக்கும் கட்டடத் தூண்களுக்கும் இதைச் சுற்ற ஆரம்பித்தது நிலநடுக்கத்துக்குப் பயந்துதான்.

சென்னைக்கு நிலநடுக்கமா என்று கேட்கலாம். நிலநடுக்கத்துக்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 1893இன் 2002ஆம் ஆண்டுத் திருத்தத்தில் சென்னை இரண்டாம் மண்டலத்திலிருந்து, ஆபத்து கூடுதலான மூன்றாம் மண்டலத்துக்குப் போனது. உங்கள் கட்டடம் அதற்கு முந்தியது. 2001 ஜனவரி 26 அன்று பூஜ் நிலநடுக்கத்தில், மையத்திலிருந்து 200 கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருந்த அகமதாபாத்தில் ஸ்டில்ட் வைத்த அடுக்குமாடிகள் உட்கார்ந்துபோயின. மேலே சுவர்களோடு இறுக்கமாகவும் கீழே வெறும் தூண்களாகவும் இருந்தால் அசைவு முழுவதும் கீழ்த் தளத்தில்தான் விழும். உங்களுடையதும் அதே அமைப்பு.

சரி, துருப்பிடித்த தூணின்மேல் அப்படியே துணியைச் சுற்றினால் என்ன ஆகும்? உப்பு உள்ளேயே இருக்கிறது, ஈரமும் உள்ளேதான். துணி வெளியிலிருந்து வரும் ஈரத்தையும் காற்றையும் கொஞ்சம் தடுக்கும், அதனால் துருவின் வேகம் குறையலாம். நிற்காது. மோசமானது என்னவென்றால் நடப்பது கண்ணுக்குத் தெரியாது. விரிசல் விட்டு எச்சரித்துக்கொண்டிருந்த தூணின் வாயைக் கட்டியதுபோல ஆகிவிடும். திருவொற்றியூரில் 2021 டிசம்பரில் அடுக்குமாடிக் குடியிருப்பின் ஒரு பிளாக் இடிந்து விழுந்தபோது, விரிசலைப் பார்த்துப் பயந்து மக்கள் முன்பே வெளியே வந்திருந்ததால்தான் உயிர்ச் சேதம் இல்லாமல் போனது. விரிசல் தெரிவது சில சமயம் நல்லது.

தண்டையார்பேட்டையில் ஒரு கட்டடத்தில், துணி சுற்றி முடித்த தூணைப் பார்க்கக் கூப்பிட்டிருந்தார்கள். பளபளவென்று பெயின்ட் அடித்து அழகாக இருந்தது. ஐந்து ரூபாய்க் காசால் தட்டிக்கொண்டே வந்தால் இடுப்பு உயரத்துக்குக் கீழே டொக் டொக் என்று வெற்றுச் சத்தம். ஒரு இடத்தில் வெட்டித் திறந்தோம். துணி ஒட்டியிருந்தது கான்கிரீட்டில் இல்லை, பழைய சிமென்ட் பூச்சின் மேலே. பூச்சு தூணைவிட்டு எப்போதோ விலகியிருந்தது. துணியின் கீழ் விளிம்பில் தரையை ஒட்டி, செம்மண் நிறத்தில் துருத் தண்ணீர் கசிந்த கோடு. எபாக்ஸியில் குறையே இல்லை, துணியும் ஒரிஜினல். வேலைதான் தப்பு.

ஆகவே முதலில் சோதனை. ரீபவுண்ட் ஹேமரை நாலு இடத்தில் அடித்து நம்பர் சொல்வது போதாது. மேல்தோலின் கடினத்தை மட்டுமே அது சொல்லும். ஸ்கேனர் வைத்துக் கம்பி எங்கே, கவர் (கம்பிக்கு மேலுள்ள கான்கிரீட்டின் தடிமன்) எவ்வளவு என்று பார்க்க வேண்டும். தூணுக்கு ஐஎஸ் 456 கேட்கும் கவர் குறைந்தது 40 மி.மீ.; பழைய கட்டடங்களில் அதில் பாதி இருந்தாலே ஆச்சரியம். கம்பியைத் தவிர்த்துச் சில கோர் (துளையிட்டு எடுக்கும் உருளைத் துண்டு) எடுத்துப் பலம் பார்க்க வேண்டும். எடுத்த கோரிலேயே ஃபீனால்ஃப்தலின் தெளித்தால் கார்பனேஷன் (காற்றிலுள்ள கரியமில வாயு கான்கிரீட்டின் காரத்தன்மையைக் குறைப்பது) எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்று தெரியும்: நல்ல கான்கிரீட் இளஞ்சிவப்பாக மாறும், கெட்டது நிறம் மாறாது. வெவ்வேறு ஆழத்தில் பொடி எடுத்துக் குளோரைடு பாருங்கள். கான்கிரீட் போடும்போதே கன மீட்டருக்கு 0.6 கிலோவுக்குமேல் இருக்கக் கூடாது என்பது ஐஎஸ் 456. கம்பியின் மின்னழுத்தத்தை அளக்கும் ஹாஃப் செல் சோதனையில் மைனஸ் 350 மில்லிவோல்ட்டுக்கும் கீழே போனால் அந்த இடத்தில் துரு ஓடிக்கொண்டிருக்க 90 சதவீதம் வாய்ப்பு. இவ்வளவும் செய்ய ஆகும் செலவு, துணிச் செலவோடு பார்த்தால் பெரிதில்லை. எந்தத் தூணுக்கு என்ன தேவை என்று தெரிந்துவிட்டால் எல்லாத் தூணுக்கும் சுற்ற வேண்டியதே இருக்காது. சோதனை செய்பவரும் துணி சுற்றுபவரும் ஒரே ஆளாக இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் பழுது பார்ப்பு. முதலில் ஜாக்கி வைத்து முட்டு; சுமையை இறக்காமல் தூணைக் கொத்தக் கூடாது. இறக்காமல் ஒட்டுப் போட்டால் புதுக் கலவை சுமை வாங்காமல் அலங்காரமாக நிற்கும். பூச்சை முழுவதும் எடுத்து, வெற்றுச் சத்தம் கேட்கும் கான்கிரீட்டை உதிர்த்து, துருப்பிடித்த கம்பியின் பின்பக்கமும் விரல் போகும் அளவுக்குத் தோண்ட வேண்டும். எல்லோரும் ஏமாற்றும் இடம் இந்தப் பின்பக்கம்தான். முன்னால் மட்டும் பிரஷ் போட்டுவிட்டுப் பெயின்ட் அடித்துவிடுவார்கள். கம்பி பளிச்சென்று வரும்வரை தேய்த்து, தேய்மானம் அதிகமிருந்தால் கூடுதல் கம்பி சேர்த்து, துருத்தடுப்புப் பூச்சு கொடுத்து, மைக்ரோ கான்கிரீட்டோ பாலிமர் கலவையோ நிரப்பி க்யூரிங் செய்ய வேண்டும். இதிலும் ஒரு சிக்கல். ஒட்டுப் போட்ட இடம் சுத்தமாகிவிட்டால், அதை ஒட்டிய பழைய உப்புக் கான்கிரீட்டில் துரு வேகம் பிடிக்கும். அதற்காகத்தான் ஒட்டுக்குள் துத்தநாக ஆனோடு வைத்துக் கம்பியோடு கட்டுகிறார்கள். கம்பிக்குப் பதில் துத்தநாகம் கரைந்துபோகும். உங்கள் இடத்துக்கு அதைக் கட்டாயம் கேட்டுப் பாருங்கள். காரைக்குடி செக்ரி (மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம்) போன்ற ஆய்வகமே நம் மாநிலத்தில் இருக்கும்போது, துருவைப் பற்றி இங்கே யாருக்கும் தெரியாது என்று சொல்ல முடியாது.

இதற்கெல்லாம் பிறகுதான் துணி. மூலைகளைக் கிரைண்டரில் உருட்ட வேண்டும். வழிகாட்டி சொல்லும் குறைந்தபட்ச ஆரம் 13 மி.மீ., நான் 25 கேட்பேன். கூர் மூலை துணியை அறுத்துவிடும். பிரைமர், பள்ளம் நிரப்பும் பட்டி, அதன்மேல் எபாக்ஸி, துணி, ரோலரால் காற்றுக் குமிழ் எடுப்பது, திரும்ப எபாக்ஸி. துணி தொடங்கிய இடத்தில் முடியும்போது 150, 200 மி.மீ. மேல் ஏறிப் படிய வேண்டும். மறுநாள் காசால் தட்டிப் பாருங்கள். உள்ளங்கை அளவு வெற்றுச் சத்தம் கேட்டால் வெட்டி ஒட்டச் சொல்லுங்கள். மேலே மணல் தூவிப் பூச்சோ, வெயில் படும் இடமானால் புற ஊதாவைத் தாங்கும் பெயின்ட்டோ கட்டாயம். வெயிலில் எபாக்ஸி கெட்டுப்போகும்.

நேரமும் முக்கியம். சித்திரை வெயிலில் கலந்த எபாக்ஸி டப்பாவிலேயே சூடேறிக் கெட்டியாகும். கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் இந்த வேலையை எடுக்கவே வேண்டாம். தூண் ஈரமாக இருந்தால் ஒட்டாது. கடலோரத்தில் விடிகாலையில் தூணில் கண்ணுக்குத் தெரியாத பனி ஈரமும் இருக்கும். தூணின் வெப்பம் பனி படியும் வெப்பநிலையைவிட 3 டிகிரியாவது மேலே இருக்க வேண்டும் என்பது விதி. உங்கள் சம்ப் பக்கத்துத் தூணுக்கு முதலில் சம்ப் கசிவை நிறுத்துங்கள். அடியிலிருந்து ஈரம் ஏறும் தூணை முழுவதும் மூடாமல், இடைவெளி விட்டுப் பட்டை பட்டையாகச் சுற்றும் முறையும் உண்டு.

கார்பனா கண்ணாடி இழையா என்று அடுத்த கேள்வி வரும். கார்பன் விறைப்பு அதிகம், விலையும் அதிகம். கார்பன் மின்சாரம் கடத்தும். இரும்போடு நேரடியாகத் தொட்டால், அதுவும் உப்பு ஈரத்தில், இரும்பு இன்னும் வேகமாக அரிக்கும். கம்பி தெரியும் இடத்தில் கார்பன் நேராகப் படவே கூடாது. ரிங்குக்குத் துணையாக, அசைவைத் தாங்க என்றால் பல இடங்களில் கண்ணாடி இழையே போதும். அடுக்கு மட்டும் கூடும்.

தீ பற்றி யாரும் பேசுவதில்லை. இந்த எபாக்ஸி 60 முதல் 80 டிகிரி செல்சியஸிலேயே இளகிவிடும். ஸ்டில்டில் ஒரு வண்டி எரிந்தால் துணி இருந்தும் இல்லாததுபோல்தான். அதனால் துணி இல்லாமலே தூண் அன்றாடச் சுமையைத் தாங்க வேண்டும் என்று வழிகாட்டி கேட்கிறது. இப்போது ஸ்டில்டில் மின்சார ஸ்கூட்டருக்கு சார்ஜ் பாயின்ட் போடாத அடுக்குமாடி எங்கே இருக்கிறது? அதைத் தூணைவிட்டுத் தள்ளி வையுங்கள்.

சோதனையில் கான்கிரீட்டே பலமில்லை என்று வந்தால் துணியை மறந்துவிட்டு ஆர்சிசி ஜாக்கெட்டிங் பாருங்கள். தூணைச் சுற்றிப் புதுக் கம்பி கட்டி, குறைந்தது 100 மி.மீ. புதுக் கான்கிரீட். ஐஎஸ் 15988இல் இதற்கு வழிமுறை இருக்கிறது. தூண் பருக்கும், இரண்டு கார் நிறுத்துபவர்கள் சண்டைக்கு வருவார்கள். ஆனால் சுமை தாங்கும் திறன் நிஜமாகவே கூடும். இரும்புத் தகடு சுற்றும் முறையை எண்ணூர், காசிமேடு காற்றில் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

மேல் மாடி விஷயம். துணி தூணைத்தான் சுற்றுகிறது. அடித்தளத்தை யார் சுற்றுவது? ஃபுட்டிங், அதன் கீழுள்ள மண், பீம், பீமும் தூணும் சேரும் இடம், எல்லாமே புதுச் சுமையை வாங்க வேண்டும். திட்ட அனுமதி வேறு. துருப்பிடித்த தூணைக் காட்டி மாடி விற்பவர் சொல்வதில் மற்றதையும் சந்தேகத்தோடு கேளுங்கள்.

ஒப்பந்தக்காரரிடம் ஒரு விலைப் பட்டியலை மட்டும் வாங்கிக்கொண்டு வராதீர்கள். எந்தத் தூணுக்கு எத்தனை அடுக்கு, எந்தக் கணக்கில், துணியின் எடையும் தடிமனும் என்ன, எபாக்ஸி எந்த வகை என்று ஸ்ட்ரக்சுரல் பொறியாளர் கையெழுத்தோடு வரைபடம் கேளுங்கள். மேற்பரப்பில் புல்-ஆஃப் சோதனை (ஒட்டிய தகட்டை இழுத்துப் பிய்த்துப் பார்ப்பது) உண்டா என்று கேளுங்கள், 1.4 மெகாபாஸ்கலுக்குக் கீழே பிய்ந்து வந்தால் அந்தப் பரப்பு துணி ஒட்டத் தகுதியில்லை. பழுது பார்ப்பையும் துணி வேலையையும் தனித்தனியாக அளந்து பில் போடச் சொல்லுங்கள், பழுது முடிந்து நீங்கள் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகே துணிக்கு முன்பணம். கொத்தித் திறந்த ஒவ்வொரு தூணையும் நாலு பக்கமும் போட்டோ எடுத்து, தூண் எண் போட்டு, சங்கத்துக் கோப்பில் வைத்துவிடுங்கள்.

இந்த வாரமே செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. கம்பி தெரியும் அந்த சம்ப் பக்கத்துத் தூணின் இரு பக்கமும் பீமுக்கு அடியில் முட்டுக் கொடுத்துவிட்டு, அந்த இடத்தில் வண்டி நிறுத்துவதை நிறுத்துங்கள். சோதனைக்கு ஆள் வரும்வரை பூச்சு வேலைக்காரர் யாரையும் அதில் கை வைக்க விடாதீர்கள்.